அரிவாள் நடு வளைவில் கூர் வரவில்லை, மூக்குப் பக்கம் வாய் மடங்குகிறது

வைகைக்கரை:
தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த வெட்டரிவாள். திருப்பாச்சேத்தியில் வாங்கியது என்கிறார் அப்பா. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் துரு முக்கால்வாசி போய்விட்டது, குழிகளில் மட்டும் கறுப்பு நிற்கிறது. சிக்கல் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில்தான். சாணைக்கல் மூக்குப் பக்கம் படுகிறது, நடு வளைவில் தொடவே இல்லை. கூர் வந்த மூக்கும் இரண்டு மட்டை சீவியதும் மடங்கிவிடுகிறது. மிஷின் இல்லை, கையால்தான் செய்ய வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

மரத்தூள்:
உள்வளைவில் தட்டைக் கல் எப்படிப் படும்? அரைவட்ட அரம் வாங்குங்கள், அதன் உருண்ட பக்கம்தான் அந்த வளைவுக்கு. அரிவாளைப் பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, தோல் கையுறை போட்டுக்கொண்டு ராவுங்கள். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அரத்தின் பல் போய்விடும். வாய் முழுக்க மார்க்கர் பேனாவால் தீட்டிக்கொண்டால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் விரலில் பிசிறு தட்டுகிற வரை ஒரே பக்கம், அப்புறம் மறுபக்கம். கடைசியில் குழாய்த் துண்டில் 220 நம்பர், பிறகு 400 நம்பர் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் பிசிறு போய்விடும்.
குழிக் கறுப்பை விடுங்கள். அதனால் கெடுதல் இல்லை, அதைத் தேய்த்து எடுக்கப் போனால் இரும்புதான் தேயும்.

தோப்புக்காரன்:
மடங்குவதற்குக் காரணம் வாயை மெலிதாக்கியதாக இருக்கும். காய்கறிக் கத்தி மாதிரி படுக்க வைத்துத் தீட்டினால் மட்டைக்குத் தாங்காது. வாயின் ஒவ்வொரு பக்கமும் 25 டிகிரி சாய்வு வையுங்கள்.

வைகைக்கரை:
நன்றி அண்ணா. அந்தச் சாய்வில் மறுபடி தீட்டினேன், அப்படியும் மூக்கு மடங்குகிறது. அரம் வாங்கிவிட்டேன். நடுவில் அழுத்தினால்தான் கடிக்கிறது, மூக்கில் லேசாக வைத்தாலே கரகரவென்று தின்கிறது.

மரத்தூள்:
அப்படியானால் மூக்கில் பதம், அதாவது இரும்பின் கெட்டித்தன்மை, போயிருக்கிறது. முன்பு யாரோ மிஷினில் பிடித்து, நீலம் பாய்கிற அளவுக்குச் சூடாக்கியிருக்கலாம். உப்புத்தாளில் அந்த நிறமும் போயிருக்கும். மூக்கின் வாயை அரத்தால் ஓரிரு மில்லிமீட்டர் ராவிப் பாருங்கள். சில சமயம் சூடு ஓரத்தோடு நின்றிருக்கும், உள்ளே கெட்டி இரும்பு கிடைக்கும். அரம் கடிப்பது சட்டென்று குறைந்தால் அங்கேயே புது வாய் எடுங்கள்.

வைகைக்கரை:
ராவிப் பார்த்தேன், குறையவே இல்லை. நடு வளைவு மட்டும் அருமையாக வந்துவிட்டது, காய்ந்த மட்டை ஒரே வெட்டு.

தோப்புக்காரன்:
அப்போது பட்டறைதான் தம்பி. உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துத் தருவார்கள். கொடுக்கும்போதே “தோய்ச்சல் வேண்டும்” என்று சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெறும் சாணை பிடித்துத் தந்துவிடுவார்கள். சூடு பட்டால் பிடி கருகும், கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள்.