மகன் ஃபுட்பாலில் சேர்ந்த முதல் சீசன்: டெக்சாஸ் பெற்றோர் அனுபவங்கள்

டாலஸ் வடக்குப் புறநகரிலிருந்து ஓர் அம்மா:

பையன் ஒன்பதாவது போகிறான், ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) சேரணும் என்கிறான், விடலாமா? கோடை வந்தாலே நம்மவர்களிடம் இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. போன வருடம் கேட்டவள் நான். இப்போது ஒரு சீசன் முழுக்கப் பார்த்தாயிற்று. இந்த ஆகஸ்டில் பிள்ளையை அனுப்பப்போகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. மகள் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தவள். நம் பிள்ளைகள் பலரும் அந்த வழியாகத்தான் ஸ்டேடியத்துக்குள் நுழைகிறார்கள். பக்கத்து ஊரான ஆலனில் 2012இல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைப் பள்ளி ஆட்டத்துக்காகவே கட்டினார்கள். ஃபிரிஸ்கோ பள்ளிகளோ டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் தலைமையக வளாகத்தில் இருக்கும் ஃபோர்டு சென்டரில் ஆடுகின்றன. இந்த மாநிலத்தில் ஃபுட்பாலுக்கு என்ன இடம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் பேண்ட் அம்மாவாக இருந்தவரை நான் ஆட்டத்தைக் கவனித்ததே இல்லை. பேண்ட் வாசிக்கும் ஹாஃப் டைம் எப்போது வரும் என்றுதான் உட்கார்ந்திருப்பேன்.

மகன் எட்டாவது வரை சாக்கர், அதாவது நம்மூர் கால்பந்து, ஆடியவன். இங்கே ஏழாவதிலேயே பள்ளி ஃபுட்பால் அணி தொடங்கிவிடுகிறது, அதனால் அவன் சேர்ந்தபோது மற்ற பையன்களுக்கு இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. "எல்லாரும் சேர்றாங்க அம்மா, நானும் ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன்" என்றான். ஊரிலிருந்து என் மாமியார் போனில், "அடிபடுற விளையாட்டு எதுக்குய்யா ராசா, வேண்டாம்" என்று அழாத குறை. என் கணவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கையெழுத்துப் போடச் சொல்ற பேப்பர் எல்லாத்தையும் முதல்ல படிப்போம்" என்றார். அப்படியே உட்கார்ந்து படித்தோம். நீங்களும் படியுங்கள், திரையில் கீழே தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டவற்றைச் சொல்கிறேன். மூளை அதிர்ச்சி பற்றி டெக்சாஸில் 2011 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, நடாஷா சட்டம் என்பார்கள். தலையில் அடிபட்டு அதிர்ச்சி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும், படிப்படியாகத்தான் பயிற்சிக்கு விட வேண்டும். திரும்ப ஆடலாம் என்று அனுமதிக்கும் அதிகாரம் கோச்சுக்குக் கிடையாது. இந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஜெயிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர் கையில் அந்த முடிவு இருக்கக் கூடாது.

இன்னொன்று, 2019இல் வந்த, கோடி (Cody) என்பவர் பெயரிலான சட்டம். உடல் பரிசோதனையோடு இசிஜி எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கட்டாயமில்லை, செலவு நம்முடையது. நாங்கள் எடுத்தோம். என் கணவர் குடும்பத்தில் இதய நோய் உண்டு.

பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதிகளையும் படித்தோம். முதல் ஐந்து நாள் உடம்பை வெயிலுக்குப் பழக்குவதற்கு, அப்போது மோதல் கிடையாது. சீசன் தொடங்கிய பின் முழு மோதல் பயிற்சி ஒரு பையனுக்கு வாரத்துக்கு 90 நிமிடம்தான். வாரம் முழுக்க முட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் வீடியோ பார்க்கிறார்கள், நிற்க வேண்டிய இடத்தை மனப்பாடம் செய்கிறார்கள், எடை தூக்குகிறார்கள்.

ஆகஸ்ட் பயிற்சி காலை ஏழு மணிக்கு. பத்து மணிக்குமேல் இந்த ஊர் வெயிலில் மைதானம் தகிக்கும். ஓரத்தில் ஐஸ் போட்ட தொட்டி ஒன்று தயாராக வைத்திருப்பார்கள். யாராவது வெப்பத்தில் சுருண்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் முதலில் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், அதற்குத்தான் அது. முதல் வாரம் மகன் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹாலிலேயே படுத்துத் தூங்கினான். உப்புப் போட்ட நீர்மோர் குடம் குடமாக இறங்கியது.

ஹெல்மெட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டும் தோள் கவசமும் பள்ளியே தருகிறது. பையனின் தலையை அளந்து, போட்டுவிட்டு, முகக்கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். நெற்றித் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியே வழுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பைகளில் காற்றடித்து இறுக்குகிறார்கள். காற்று நாளாவட்டத்தில் இறங்கும். முடி வெட்டினால் பிடிமானம் மாறும். மகன் சீசன் நடுவில் ஒட்ட முடி வெட்டிக்கொண்டு வந்தான், அடுத்த நாளே ஹெல்மெட் ஆடத் தொடங்கியது. அவனாகப் போய்ச் சொல்லி மறுபடி சரி செய்துகொண்டான். இதை உங்கள் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே தள்ளுவதைப் பற்றி எனக்கிருந்த பயத்தைப் போக்கியவர் என் அப்பா. தூத்துக்குடிப் பக்கம் இளவயதில் கபடி ஆடியவர். வீடியோ காலில் பேரன் செய்து காட்டியதும் எழுந்து நின்றுவிட்டார். "தொடையைப் பிடி, தோளை வை, தலை மட்டும் அவன் முன்னாடி போகக் கூடாது, பின்பக்கம் வெளியே இருக்கணும்." மகன் திரும்பி என்னைப் பார்த்தான். கோச் அன்று காலையில் சொல்லிக்கொடுத்ததும் அதேதான்: தலையால் முட்டாதே, தோளால் இடி, தொடையைக் கட்டிக்கொண்டு உருட்டு. அதற்குப் பிறகு வாராவாரம் தாத்தாவுக்கு ஆட்ட வீடியோ போயாக வேண்டும் என்றாகிவிட்டது. மாமியார் மட்டும் இன்றுவரை ஒரு வீடியோகூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வெள்ளிக்கிழமை விளக்கொளியில் ஆடுவதில்லை, அது வார்சிட்டி எனப்படும் பள்ளியின் முதன்மை அணிக்கு. இவர்களுக்குப் புதன் அல்லது வியாழன் மாலை, ஏ அணி, பி அணி என்று பிரித்து. எங்கள் பள்ளியில் யாரையும் வேண்டாம் என்று அனுப்பவில்லை. அதற்கு விலை, பெஞ்ச். மகன் பி அணியில் கார்னர்பேக், பந்து பிடிக்க ஓடும் எதிரணி ஆளைத் தடுப்பவன். முதல் ஆட்டங்களில் பந்தை உதைத்து ஆட்டம் தொடங்கும் கிக்காஃபுக்கு ஓடியதோடு சரி. காலை ஐந்தரைக்கு எழுந்து போகிற பிள்ளை இரண்டு மணி நேரம் ஓரத்தில் நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கோச்சிடம் நாங்களும் பேசவில்லை. அவனே போய், "நான் எதைத் திருத்திக்கணும்?" என்று கேட்டான். "கால் வேகம் இருக்கு, ஆனா பந்தைப் பார்த்துக்கிட்டே நிக்கிற, உன் ஆளைப் பாரு" என்றாராம். சாக்கர் பழக்கம். அக்டோபரில் அவனுக்குப் பாதி ஆட்டம் கிடைத்தது.

ஒரு வியாழக்கிழமை, எதிரணிப் பையன் ஒருவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு அணிப் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பையனின் அம்மா எங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தார், வேலியோரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவில்லை. அடிபட்டவர்களைக் கவனிக்கும் ட்ரெய்னர் பேசிப் பேசி, விரலைக் காட்டி, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, நிதானமாக எழுப்பி நடத்திப் போனார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குச் சீசன் முடியும்வரை போகவில்லை. அதோடுதான் நான் எல்லா ஆட்டத்துக்கும் போனேன்.

படிப்பு கெடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 1984 முதல் டெக்சாஸில் தேறாவிட்டால் ஆட முடியாது என்பது சட்டம். ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் ஆட்டம் நின்றுவிடும். மகன் ஜியாமெட்ரிக்காகத் தானே காலையில் ட்யூட்டோரியலுக்குப் போனான், நான் சொன்னபோதெல்லாம் போகாதவன். அடிபட்டது மிருதங்க வகுப்பு. நவராத்திரிக்கு வீட்டில் கொலு இருக்க, அவன் வியர்வையோடு ஒன்பது மணிக்கு வந்து சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை எதை விடுவது என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

உனக்கு என்ன கிடைத்தது என்று அவனைக் கேட்டால் தோளைக் குலுக்குவான். எனக்குத் தெரிந்தது ஒன்று: மூவாயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் முதல் நாள் போனபோது அவனுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட அறுபது பேர் இருந்தார்கள். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கவலை அவனுக்கு இருக்கவில்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்த வருடம் அவன் அக்கா அந்தக் கவலையோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவள் நான்.

ஹூஸ்டன் பக்கம் கேட்டியிலிருந்து ஓர் அப்பா:

டாலஸ் அம்மா சொன்ன மூளை அதிர்ச்சிச் சட்டம் வேலை செய்வதை நாங்கள் நேரில் பார்த்தோம். என் மகனுக்குப் பத்தாவதில் பயிற்சியின்போது தலையில் அடி. மயக்கமெல்லாம் இல்லை, எழுந்து ஓடியிருக்கிறான். ஆனால் ஒரே ஆட்டக்குறிப்பை இரண்டு தடவை கேட்டிருக்கிறான். பக்கத்தில் நின்ற நண்பன் ட்ரெய்னரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அந்தப் பையனுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஏனென்றால் என் மகன் சொல்லியிருக்கமாட்டான்.

சீசனுக்கு முன்னால் கணினியில் ஞாபகசக்தி, வேகம் எல்லாவற்றுக்கும் ஒரு சோதனை எடுத்து வைத்திருந்தார்கள். அடிபட்ட பிறகு அதையே திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உங்கள் பள்ளியில் அது உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் வெளியே எடுக்கலாம். வீட்டில் வெளிச்சம் கூசியது, புத்தகம் படித்தால் தலை வலித்தது, அவன் சுபாவத்துக்குப் பொருந்தாத கோபம் வந்தது. தேர்வுகளைத் தள்ளி வைக்க மருத்துவர் கடிதம் கொடுத்தார், ஆசிரியர்கள் ஒத்துழைத்தார்கள். அறிகுறி எல்லாம் போன பிறகுதான் நடை, ஓட்டம், மோதலில்லாத பயிற்சி என்று ஒவ்வொரு படியாக விட்டார்கள். ஒரு படியில் தலைவலி வந்தால் மறுபடி முந்தின படி.

அந்த சீசன் முடியும்வரை ஆடினான். அடுத்த வருடம் தானாகவே விலகி ட்ராக் என்னும் ஓட்டப்பந்தய அணியில் சேர்ந்தான். நாங்கள் வற்புறுத்தவில்லை, ஆனால் என் மனைவி அன்றைக்குப் பாயசம் வைத்தார். பிள்ளைகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: நண்பனுக்கு அடிபட்டால் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

ஆஸ்டினிலிருந்து, நர்ஸாக வேலை பார்க்கும் ஓர் அம்மா:

2023 ஜனவரி 2ஆம் தேதி தொழில்முறை ஃபுட்பால் வீரர் டமார் ஹாம்லின் மைதானத்தில் விழுந்ததை நாங்கள் குடும்பமாக டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்பில் பட்ட அடியால் இதயம் நின்றது. அங்கேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அதே வருடம் அவர் திரும்ப ஆட வந்தார். அன்றிலிருந்து எந்த மைதானத்துக்குப் போனாலும் ஏ.இ.டி. என்னும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவேன். முக்கியமாகப் பயிற்சி நேரத்தில் அது பூட்டிய அறைக்குள் இல்லாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. நீங்களும் மார்பை அழுத்தி உயிர் காக்கும் சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள், அரைநாள் வகுப்புதான்.

வெயில் விஷயத்தில், தசை பிடித்துக்கொள்வதற்கு உப்பும் தண்ணீரும் ஓய்வும் போதும். ஆனால் பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினாலோ தடுமாறினாலோ அது அவசரம். தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது, ஐஸ் தொட்டியில் இறக்கிவிட்டு 911ஐக் கூப்பிட வேண்டும்.

சான் அன்டோனியோவிலிருந்து ஓர் அப்பா:

என் மகன் ஒல்லி, ஐம்பது கிலோகூட வரமாட்டான். சேர ஆசைப்படுகிறான். என்னென்ன வாங்க வேண்டும்? நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அணியோடு சாப்பாடு எப்படிச் சமாளித்தீர்கள்?

டாலஸ் அம்மா:

தம்பி, ஒன்பதாவது அணி ஒன்பதாவது அணியோடுதான் ஆடும், ஆனால் அந்த வயதில் ஐம்பது கிலோவும் இருக்கும், நூறு கிலோவும் இருக்கும். ஒல்லிப் பிள்ளைகளைப் பெரும்பாலும் ரிசீவர் (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவன்), கார்னர்பேக் பக்கம் நிறுத்துகிறார்கள். எங்கே நிறுத்துவார்கள் என்று கோடைப் பயிற்சியிலேயே கோச்சிடம் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் வாங்கியது கிளீட்ஸ் (அடியில் முள் வைத்த ஷூ), இடுப்பிலும் தொடையிலும் பஞ்சு வைத்த கர்டில், கையுறை, அப்புறம் வாய்க்காப்பு. வாய்க்காப்பு தொலைந்துகொண்டே இருக்கும், நாலைந்து வாங்கி வையுங்கள். பல் கம்பி போட்டிருந்தால் அதற்கென்றே தனி வகை இருக்கிறது, பல் மருத்துவரைக் கேளுங்கள். கிளீட்ஸ் அரை அளவு பெரிதாக வேண்டாம், கொப்புளம் வரும்.

ஆட்டத்துக்கு முன் சாப்பாட்டைப் பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப் பார்த்துக்கொள்கிறது. பொறுப்பில் இருந்த அம்மாவிடம் முதல் வாரமே சொன்னேன், பீஃப் வரும் நாளில் இவனுக்குக் கோழியோ சீஸ் பீட்ஸாவோ தனியாக வைத்தார். அப்புறம் தின்பண்டக் கடையில் நானும் ஒரு ஷிஃப்ட் எடுத்துக்கொண்டேன். ஆட்ட விதிகளில் முக்கால்வாசியை அங்கே பக்கத்தில் நின்ற அம்மாக்களிடம்தான் கற்றேன்.

ஒன்பதாவதில் சேர உடல் பரிசோதனைப் படிவம் இல்லாமல் ஒரு நாள் பயிற்சிகூட விடமாட்டார்கள். ஜூலைக் கடைசியில் எல்லோரும் மருத்துவரிடம் ஓடுவார்கள், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. இப்போதே போட்டுவிடுங்கள்.