மூக்கடைப்பு, சைனஸ்: இன்னும் மனதை விட்டுப் போகாத அனுபவம் எது?

இரவல்காற்று:
சைலோமெட்டாசோலின், அடைத்த மூக்கைத் திறக்க விடுகிற சொட்டு மருந்து. மூக்கடைப்பு உள்ள எல்லார் வீட்டிலும் இருக்கும். சாதாரணச் சளிக்கு ஆரம்பித்தேன், எட்டு மாதம் ஓடியது. கடைசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விட வேண்டிய நிலை.

ஒரு ராத்திரி பாட்டில் காலி. கடை திறக்க இன்னும் ஐந்து மணி நேரம். வாயால் மூச்சு விட்டு நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சமையலறைக்குப் போய்ப் பாட்டிலைக் கத்தியால் இரண்டாக வெட்டி, உள்சுவரில் இருந்த ஈரத்தைப் பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டேன். திரும்பினால் வாசற்படியில் மனைவி. ஒன்றும் கேட்கவில்லை, விளக்கை மட்டும் போட்டாள். அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துகிறது.

ஈ.என்.டி. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "சளி எப்போதோ போய்விட்டது. இப்போது அடைப்பது இந்த மருந்துதான்." அது ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் வழி விடுகிறது. நாள்கணக்கில் விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்பைவிட அதிகமாக வீங்குகிறது. முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தச் சொன்னார், கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே. அந்தப் பக்கம் திறந்த பிறகு அடுத்தது. மூன்று வாரம் ஆனது. சில நாட்களுக்கு மேல் விடாதீர்கள் என்று அட்டையிலேயே இருந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

மாடிப்படி:
என் பையனுக்கு அப்போது மூன்று வயது. வலது மூக்கில் மட்டும் ஒழுகல், பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். சைனஸ் என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர், "ஒரே பக்கம் நாறுகிறது என்றால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்றார். அவர் வெளியே எடுத்தது கறுத்துப்போன ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. பையன் அதைப் பார்த்து, "அம்மா, அது பொம்மையோட மெத்தை, நான் தேடிட்டே இருந்தேன்" என்றான். மூன்று வாரமாக அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. நானும்தான்.

ஸ்பாஞ்ச் என்பதால் தப்பித்தோம். பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும் என்றார். அப்படிச் சந்தேகம் வந்தால் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

மேகத்துக்குமேல்:
இரவல்காற்று, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் மருந்தின் மேல் பழி போடுவதை ஏற்க முடியவில்லை. சளியோடு விமானத்தில் போனேன். இறங்கும்போது புருவத்துக்கு மேல் ஊசியால் குத்துகிற மாதிரி வலி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் பயந்துபோய்ப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். அதிலிருந்து சளி இருக்கும் நாளில் இறங்குவதற்கு அரை மணி முன்னால் இதே சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். அந்த வலி திரும்ப வரவில்லை. மூன்று நாள் மருந்தை எட்டு மாதம் விட்டுவிட்டு விஷம் என்று சொன்னால் எப்படி?

இரவல்காற்று:
விஷம் என்று நான் எங்கே சொன்னேன்? அட்டையைப் படிக்காதது என் தப்பு என்றுதானே எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

நீலத்தாள்:
என் கதை சின்னது. அலர்ஜிக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தேன், பத்தாம் நாள் மூக்கில் ரத்தம். பயந்து நிறுத்திவிட்டேன். தப்பு மருந்தில் இல்லை, அடித்த விதத்தில்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது, அந்தந்தப் பக்கக் காதைப் பார்க்க வேண்டும். தலையை லேசாகக் குனியுங்கள், அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். அடித்ததும் உறிஞ்சாதீர்கள். இரண்டு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். அப்புறம் உப்புநீரில் மூக்கு கழுவுகிறவர்கள்: கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் நெக்லேரியா என்ற அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். அபூர்வம்தான், ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இன்னொன்று, ஃபீனைலெஃப்ரின் உள்ள சளி மாத்திரை. வாய்வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழுவே 2023இல் சொல்லிவிட்டது. சளி பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் கேட்பதும் வேண்டாம். நிறம் மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்ல முடியாது. பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து மறுபடி ஏறினால் டாக்டரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

கடைவாய்:
எனக்கு மேல்பல் வலி. படி இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் பல் அதிரும். ஒரு பல்லைப் பிடுங்கச் சொல்லித்தான் போனேன். பல் டாக்டர் கருவியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். அந்தப் பக்கம் நான்கு பல்லும் ஒரே அளவில் வலித்தன. "கெட்ட பல் ஒன்று என்றால் அது தனியாகக் காட்டிக் கொடுக்கும். இது மேலே இருக்கிற சைனஸ்" என்றார். சைனஸ் என்பது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை, அதன் தரையை ஒட்டித்தான் அந்தப் பல் வேர்கள் இருக்கின்றனவாம். அன்றைக்கு அவர் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் நல்ல பல் ஒன்று போயிருக்கும்.

வாசமில்லாதவன்:
மூக்கின் இரண்டு பக்கமும் பாலிப், அதாவது உள்ளே வளரும் மென்மையான சதை. வலி கிடையாது, அதனால் வருஷக்கணக்கில் விட்டுவிட்டேன். ஒருநாள் அடுப்பு பற்றவைக்க லைட்டரை எடுத்தேன். வெளியிலிருந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீடு முழுக்க கேஸ். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை ஒரு வாரம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை மகள் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஈரத் தலை, ஷாம்பூ வாசம். அவளுக்கு வயது நான்கு, அவள் வாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாத்திரை முடிந்து மூன்று வாரத்தில் அது மறுபடி போய்விட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன்.

நீலத்தாள்:
ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயை நிறுத்திவிடாதீர்கள், பாலிப் திரும்ப வளரக்கூடியது. வலி மாத்திரை எதையாவது போட்டு மூச்சு இறுகிய அனுபவம் இருந்தால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் கேஸ் கசிவு அலாரம் மாட்டியாயிற்றா?

வாசமில்லாதவன்:
மாட்டியாயிற்று. மனைவிதான் வாங்கி வந்தாள்.