பகடையைக் கீழே வைத்துவிட்டுப் படம் பார்த்த இரவுகள்

கேமிங் கன்வென்ஷனுக்கு, அதாவது விளையாட்டுப் பிரியர்கள் சில நாள் ஒன்றுகூடி ஆடும் விழாவுக்கு, போய் வந்தவர்கள் எல்லோரும் ஆடிய கதையைத்தான் சொல்கிறார்கள். அங்கே இரவில் போடும் படங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் ஆரம்பிக்கிறேன், பார்த்தவர்கள் தொடருங்கள்.

எனக்கு அது முதல் கன்வென்ஷன், இரண்டாம் நாள். காலையில் கார்டு போட்டி, மதியத்துக்கு மேல் நான்கு மணி நேரம் ரோல்பிளே, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம். இரவு பத்து மணிக்குக் கால் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றுதான் அந்த அறைக்குள் நுழைந்தேன். 'தி கேமர்ஸ்' போடப் போகிறார்கள் என்று கதவில் எழுதியிருந்தது. 2002-இல் டெட் ஜென்டில்மென் குழுவினர் மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் நண்பர்களும், அவர்கள் ஆட்டத்துக்குள் வாளும் கவசமுமாகத் திரியும் பாத்திரங்களும் மாறி மாறி வருவார்கள். நண்பர்களில் ஒருவன் அன்றைக்கு ஆட வரவில்லை. அதனால் அவனுடைய பாத்திரம் மட்டும் ஒன்றும் செய்யாமல் மரம்போல நின்றுகொண்டிருக்கும்.

வீட்டில் தனியாகப் பார்த்தபோது அந்த இடத்தில் எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். இங்கே அறையே அதிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் என் முழங்காலில் தட்டி, "எங்க க்ளெரிக் மூணு மாசமா இப்படித்தாங்க நிக்கிறாரு" என்றார். க்ளெரிக் என்றால் ரோல்பிளேயில் வரும் பூசாரிப் பாத்திரம். திரும்பிப் பார்த்தால், காலையில் என்னை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வீட்டுக்கு அனுப்பியவர். அதுவரை அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது உண்மை. யோசித்துப் பார்த்தால், கன்வென்ஷனில் நாள் முழுக்க மேஜைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் எதிராளி. படம் போடும்போதுதான் இரண்டு பேரும் ஒரே பக்கம் முகத்தை வைத்து உட்காருகிறோம். அவரும் நானும் இன்றைக்கும் ஒரே குழுவில் ஆடுகிறோம்.

* * *

'தி கேமர்ஸ்' வரிசையில் மூன்றாவது படம் 2013-இல் வந்தது. கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் ரசிகர்கள் போட்ட பணத்தில் எடுத்தது. கதையே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடக்கும் ஜென் கான் என்ற பெரிய கேமிங் கன்வென்ஷனில், ஒரு கார்டு போட்டியைச் சுற்றித்தான் போகும். நான் அதை ஒரு கன்வென்ஷனுக்குள்ளேயே பார்த்தேன். திரையில் நீளமான மேஜைகள், கழுத்தில் பேட்ஜ், கையில் கார்டு டெக். கதவைத் திறந்து வெளியே வந்தால் அதே மேஜைகள், அதே பேட்ஜ். சில நிமிஷம் எங்கே இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை. அந்த உணர்வை வேறு எந்தத் தியேட்டரும் எனக்குத் தந்ததில்லை.

* * *

நண்பர்களே, நீங்கள் உட்கார்ந்த மாதிரி ஓர் அறையை இருட்டாக்கும் வேலையை மூன்று வருடம் பார்த்தவன் நான். அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

அது தியேட்டர் கிடையாது. பெரிய ஹாலை நகர்த்தும் தடுப்புச் சுவரால் பிரித்த ஒரு துண்டு. தடுப்புக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டாலும் வெளிச்சம் திரையில் கோடு போட்டுவிடும். ஏணியில் ஏறிக் கருப்புத் துணியை மடித்து மடித்துச் சொருகுவோம். வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கை மட்டும் தொடக் கூடாது, அதை மறைப்பது ஆபத்து. அதனால் திரையை அதற்கு எதிர்ச்சுவரில் வைத்து, நாற்காலி எல்லாவற்றையும் திருப்பிப் போடுவோம்.

சத்தம் அதைவிடப் பெரிய பாடு. தடுப்புக்கு அந்தப் பக்கம், குட்டிப் பொம்மைகளை மேஜையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போட்டி நடக்கும். படத்தில் ஒரு தாய் மகனிடம் விடைபெறுகிற இடம், அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது பார்த்து, "நான்காவது சுற்று, மேஜை எண் பதினேழு, நடுவர் வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மறு வருடத்திலிருந்து போட்டி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் படத்தின் நேரத்தைக் குறித்தேன்.

இன்னொன்று, டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் கூட்டத்துக்குப் போடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வீட்டில் பார்க்க மட்டும். பொது இடத்தில் திரையிடத் தனி உரிமம் வாங்க வேண்டும். கேட்ட படம் ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொள்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பல நேரம் உரிமம் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் காரணம்.

அப்புறம், விளையாடுகிறவர்களின் கண்ணை ஏமாற்றவே முடியாது. ஒரு முறை புரொஜெக்டர் மக்கர் செய்ததால் பெரிய டிவி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். படம் ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, நாலு மூலையிலிருந்தும் குரல் வந்தது: "மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப் பண்ணுங்க!" சினிமா நொடிக்கு 24 பிரேமில் ஓடுவது. அந்த டிவி நடுநடுவே தானே பிரேம்களை உண்டாக்கிச் சொருகி, படத்தை டிவி சீரியல் மாதிரி வழவழப்பாக்கிக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் 60 பிரேம் கேட்டு அடம்பிடிக்கிறவர்கள்தான் அவர்கள். ஆனால் சினிமாவுக்கு 24தான் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. மெனுவுக்குள் தேடி அணைத்ததும் கைதட்டினார்கள்.

* * *

அட்டவணை விஷயம் மிகவும் சரி அண்ணா. நான் ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும். எனக்கு முன்வரிசையில் ஒருவர் பெரிய இறக்கை வைத்த காஸ்பிளே உடையோடு, அதாவது கதாபாத்திரம்போல வேஷம் கட்டும் உடையோடு, உட்கார்ந்தார். கழற்ற அரை மணி நேரம் ஆகும் என்றார், பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் எனக்குப் பாதிப் படம் தெரியவில்லை. அந்த மாதிரி உடையில் வருகிறவர்களுக்குக் கடைசி வரிசையை ஒதுக்கி வைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

* * *

நான் மறக்கவே முடியாத திரையிடல் 'க்ளூ'. கொலைகாரர் யார் என்று துப்பறியும் அதே பெயருள்ள போர்டு கேமை வைத்து 1985-இல் எடுத்த படம். அதற்கு மூன்று முடிவுகள் உண்டு. வெளியானபோது ஒரு தியேட்டருக்கு ஒரு முடிவைத்தான் அனுப்பினார்கள். எந்தத் தியேட்டரில் பார்க்கிறோமோ அதைப் பொறுத்துக் கொலைகாரர் மாறுவார். பிறகு வீடியோவில் வந்தபோதுதான் மூன்றையும் சேர்த்துப் போட்டார்கள்.

எங்கள் கன்வென்ஷனில் உள்ளே நுழையும்போதே ஆளுக்கொரு துப்பறியும் தாள், ஒரு குட்டிப் பென்சில். ஆட்டத்தில் சந்தேக நபர்களையும் ஆயுதங்களையும் அறைகளையும் அடித்துக்கொண்டே போவோமே, அதே தாள். ஆறு ஆறு பேராகப் பிரித்து உட்கார வைத்தார்கள். படம் ஓட ஓடப் பென்சில் உராயும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. யாரும் செல்போனைத் தொடவில்லை.

முடிவு ஆரம்பிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். பத்து நிமிஷ அவகாசம். எங்கள் குழுவில் நடுவயது அம்மா ஒருவர் தாளின் பின்பக்கத்தில் அந்த வீட்டின் வரைபடத்தையே போட்டிருந்தார். யார் எப்போது எந்தக் கதவு வழியாகப் போனார் என்று அம்புக்குறி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். "விளக்கு அணைஞ்ச நேரத்துல இவங்க எங்க நின்னாங்கன்னு நீங்க பார்த்தீங்களா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நான் பார்க்கவில்லை. அவ்வளவு உன்னிப்பாக ஒருவர் படம் பார்த்து நான் கண்டதில்லை.

எந்த முடிவைப் போடுவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தலையணை அளவுக்கு ஒரு ஸ்பாஞ்சுப் பகடையைக் கூட்டத்துக்குள் எறிந்தார்கள். ஒன்றோ இரண்டோ விழுந்தால் முதல் முடிவு, மூன்றோ நான்கோ என்றால் இரண்டாவது, மீதிக்கு மூன்றாவது. பகடை தலைக்கு மேல் தாவித் தாவிப் போய் ஒரு நாற்காலிக்கு அடியில் சாய்ந்து நின்றது. சாய்ந்து நின்றால் செல்லுமா என்று உடனே வாக்குவாதம்! செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பாகி மறுபடி எறிந்தார்கள். நான்கு விழுந்தது. அந்த அம்மாவின் ஊகம் அதற்குப் பொருந்தவில்லை. ஆனால் மற்ற இரண்டையும் பார்க்காமல் யாரும் எழுந்திருக்கத் தயாராக இல்லை. அவற்றையும் போட்டபோது, அதில் ஒன்று அவருடைய அம்புக்குறிகளோடு அப்படியே ஒத்துப்போனது. எங்கள் ஆறு பேருக்கும் ஒரே ஆரவாரம். படத்தில் அது எந்த முடிவு என்று சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

* * *

நான் கொஞ்சம் பழைய ஆள். 'டைரி ஆஃப் எ கேம்பர்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குவேக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடும் ரேஞ்சர்ஸ் என்ற அணியினர், 1996-இல் அந்த ஆட்டத்துக்குள்ளேயே எடுத்த குட்டிப் படம், இரண்டு நிமிஷம்கூட வராது. வீடியோ ஆட்டத்துக்குள்ளேயே படம் எடுப்பதை மஷினிமா என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதற்கு முன்னோடி. அன்றைக்கு அது வீடியோ கோப்பாக வரவில்லை, ஆடியதை ஆட்டமே பதிந்து வைக்கும் டெமோ கோப்பாகத்தான் வந்தது. குவேக் இருந்தால்தான் பார்க்க முடியும். ஒரு கன்வென்ஷனில் அதை வீடியோவாகப் போடாமல், பழைய கணினியில் குவேக்கையே ஓட்டி, டெமோவைத் திறந்து காட்டினார்கள். பேச்சு கிடையாது, வசனம் எல்லாம் எழுத்தாகத்தான் வரும். எங்களில் சிலர் அதை வாய்க்குள் படித்துக்கொண்டே பார்த்தோம்.

* * *

'தி கிங் ஆஃப் காங்' பார்த்த இரவைச் சொல்லிவிடுகிறேன். டாங்கி காங் என்ற பழைய ஆர்கேட் ஆட்டத்தில், அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ ஆட்டத்தில், உலக சாதனைக்காகப் போட்டியிடுகிறவர்களைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆவணப்படம். ஏற்பாட்டாளர்கள் செய்த ஒரே ஒரு காரியம் அந்த இரவையே மாற்றிவிட்டது. அறைக்கு வெளியே, கதவுக்கு நேராக, நிஜமான டாங்கி காங் ஆர்கேட் இயந்திரம் ஒன்றைப் பிளக் போட்டு வைத்திருந்தார்கள்.

படம் முடிந்தபோது மணி ஒன்று. எழுபது எண்பது பேர் தூங்கப் போகாமல் வரிசையில் நின்றோம். ஒரு பெரியவர், படத்தில் வரும் கில் ஸ்கிரீன், அதாவது ஆட்டம் அதற்கு மேல் நகராமல் முடிந்துபோகும் இடம், ஏன் வருகிறது என்று விளக்கினார். 22-ஆவது லெவலில் நேரத்தைக் கணக்குப் போடும்போது 22-ஐப் பத்தால் பெருக்கி நாற்பதைக் கூட்டுகிறது, 260 வருகிறது. அந்த இடத்தில் 255 வரைதான் அடங்கும், 256 வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். வழிந்தது போக மிச்சம் 4. அதனால் சில நொடிகளில் நேரம் தீர்ந்து ஆள் விழுந்துவிடுகிறார், யார் ஆடினாலும் அதற்கு மேல் போக முடியாது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி அப்பாவின் கையை விட்டுவிட்டு இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஜாய்ஸ்டிக் எட்டவில்லை. யாரோ ஒருவர் தன் போர்டு கேம் பெட்டிகள் இரண்டை அடுக்கி, "ஏறி நில்லும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். புதிதாக வாங்கிய பெட்டிகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

அறையைப் பூட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்த ஒரு தன்னார்வலர் வந்தார். அவள் அப்போது இரண்டாவது திரைக்குப் போய்விட்டாள், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றார். அவளுடைய மூன்றாவது உயிரும் போன பிறகுதான் குனிந்து பிளக்கில் கை வைத்தார்.