எம்.எல்.ஏ.விடம் சுகாதாரக் கோரிக்கை: எதை, யாரிடம், எப்படிக் கேட்பது

வெளிநாட்டில் வாழும் சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்னையில் உள்ள நம் பகுதியின் மருத்துவ வசதிக்காக எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்று குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. அவசியம் கொடுக்க வேண்டும். ஆனால் 'எங்கள் பகுதிக்கு மருத்துவமனை அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலோடு அது நின்றுவிடும். எம்.எல்.ஏ. கையில் எடுத்துச் செய்ய அந்த மனுவில் ஒன்றும் இருக்காது.

முதலில், எந்த இடம் யாருடைய பொறுப்பு என்று தெரிய வேண்டும். சென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களையும், அவற்றைவிடச் சிறிய மருத்துவ நிலையங்களான நலவாழ்வு மையங்களையும் நடத்துவது மாநகராட்சி. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை மத்திய அரசின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) கழகத்துடையது. ஆகவே நலவாழ்வு மையக் குறையை எம்.எல்.ஏ.விடம் சொல்லும்போதே வார்டு கவுன்சிலருக்கும் மாநகர நல அலுவலருக்கும் நகல் போக வேண்டும். இதைச் செய்யாததால்தான் பாதி மனுக்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதிலேயே காலம் கழிகிறது.

அடுத்தது பணம். எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் கட்டடம் கட்டலாம், சுற்றுச்சுவர் எழுப்பலாம், கருவி வாங்கலாம். யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. மருத்துவர், செவிலியர் பணியிடங்களை அரசு அனுமதிக்க வேண்டும். ஆளை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகவோ, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தம் வழியாகவோ எடுக்க வேண்டும். ஸ்கேன் கருவி வந்து, அதை இயக்க ஆள் வராமல் உறை போர்த்திக் கிடப்பது இதனால்தான். கருவி கேட்கும் மனுவிலேயே டெக்னீஷியன் பணியிடத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

நல்ல மனு எப்படி இருக்கும்? நலவாழ்வு மையத்தின் நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரம்தான் உயிர். 'இன்ன வார்டு, இன்ன தெரு நலவாழ்வு மையத்தில், இந்த இந்தத் தேதிகளில் மாலை நேரத்தில் மருத்துவர் இல்லை. காலிப் பணியிடத்தை நிரப்பவும், அதுவரை பக்கத்து நிலைய மருத்துவரை மாற்றுப் பணியில் அனுப்பவும் கோருகிறோம்.' இவ்வளவுதான். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை போதும். பத்தையும் ஒரே தாளில் எழுதினால் சுலபமான ஒன்றுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

காலமும் முக்கியம். பட்ஜெட்டுக்குப் பின் சட்டமன்றத்தில் நடக்கும் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) விவாதத்தில் உறுப்பினர்கள் தொகுதிக் கோரிக்கைகளைப் பேசுவார்கள்; புதிய அறிவிப்புகளும் அப்போதுதான் பெரும்பாலும் வரும். விவாதத்துக்குச் சில வாரம் முன்பே நம் தாள் அவர் கையில் இருக்க வேண்டும். அவையில் அறிவிப்பு வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அரசாணை வெளியாக வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும். அரசாணை எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகர்வு இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும் என்பதால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் ஊரில் உள்ள உறவினர் பெயரில் போடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் திரட்டுவதில் கவனமாக இருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர், கொடுத்தால் ஆகும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கினால் குற்றம். நோக்கம் நல்லதாக இருந்தாலும் சட்டம் விட்டுக்கொடுக்காது. இரண்டு வகைப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது.

இனி, எந்த மனுவும் இல்லாமலே நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கிடைப்பவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றும் தேவை. சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான்: ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், குடும்ப அட்டையில் வேறொன்று. உடம்புக்கு வந்த பிறகு இதைத் திருத்த அலைய முடியாது. விடுமுறைக்கு வரும்போதே சரிசெய்துவிடுங்கள். இது ரொக்கமில்லாச் சிகிச்சை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், முன் அனுமதி வாங்கிய பிறகே அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும். நம் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

சாலை விபத்து என்றால் காப்பீட்டு அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். வருமான வரம்பு கிடையாது, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வாங்க நடந்து போக முடியாத பெரியவர்களுக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். 104 என்ற மருத்துவ உதவித் தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம்.

மனு வரைவைத் தொடங்க வேண்டும். ஊரில் வீடு இருப்பவர்கள் தங்கள் வார்டு எண், அருகிலுள்ள நலவாழ்வு மையத்தின் முகவரி, அங்கே மாலையில் மருத்துவர் இல்லாத தேதிகள், இந்த மூன்றையும் வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். தேதி இல்லாத புகார்களை மனுவில் சேர்க்க மாட்டோம்.