தாய்ப்பாலின் எதிர்ப்பொருள் வயிற்றில் செரித்துப்போகாதா?

மாறன்:
எதிர்ப்பொருள் என்பது கிருமிகளை எதிர்க்க உடல் செய்யும் ஒரு புரதம். உண்ட புரதத்தையெல்லாம் அறுத்துப்போடும் வயிறு இதை மட்டும் விட்டுவைக்குமா? கன்று பிறந்த முதல் நாளில் சீம்பாலின் எதிர்ப்பொருளைக் குடல்வழியே இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. மனிதக் குழந்தைக்கு அது பெரிதாக நடப்பதில்லை. இரத்தத்தில் சேராதது எப்படிக் காக்கும்? தாய்ப்பால் நல்ல உணவு; நோய்த்தடுப்பு என்பது மிகை.

தேன்மொழி:
கன்றைப் பற்றிச் சொன்னது சரி, எடுத்த முடிவுதான் தவறு. பசுவின் நச்சுக்கொடி எதிர்ப்பொருளைக் கடத்துவதில்லை. அதனால் கன்று சீம்பாலையே நம்பியிருக்கிறது. நம் குழந்தைக்கு ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருள் வகை கருவிலேயே வந்துவிடுகிறது. தாய்ப்பாலில் மிகுந்திருப்பது ஐஜிஏ (IgA) என்ற இன்னொரு வகை. அது காவல் நிற்கும் இடம் இரத்தம் அல்ல, குடல் போன்றவற்றின் உட்பரப்பை மூடியிருக்கும் சளிச்சவ்வு.

செரிமானத்துக்கு வருகிறேன். இரண்டு ஐஜிஏ மூலக்கூறுகளை ஜே சங்கிலி என்ற சிறு புரதம் கோத்து வைத்திருக்கிறது. அந்த இணையை, அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் பால்சுரப்பிச் செல்லின் ஊடாகச் சுமந்து வருகிறது. மறுபக்கம் வந்ததும் ஏற்பி அறுபட, அதன் பெரும்பகுதி ஐஜிஏவைச் சுற்றிக்கொண்டு பாலில் இறங்குகிறது. அதுதான் கவசம், நொதிகளின் வெட்டு அதன்மேல் எளிதில் விழாது. பால் குடிக்கும் குழந்தையின் மலத்திலேயே சிதையாத ஐஜிஏ கிடைக்கிறது!

மாறன்:
கவசம் பற்றி அறிந்திருக்கவில்லை, ஏற்கிறேன். ஆனால் அது கிருமியைக் கொல்கிறதா?

தேன்மொழி:
கொல்லவே வேண்டாம். பெரும்பாலும் குடல் சுவரில் ஒட்டினால்தான் கிருமியால் தீங்கு செய்ய முடியும். ஒட்டும் இடங்களை ஐஜிஏ மூடி, கிருமிகளைக் கொத்தாகப் பிணைத்து, சளியில் சிக்கவைத்து வெளியேற்றுகிறது. அந்த இளங்குடலில் அழற்சியைக் கிளப்பாமலே இத்தனையும் நடக்கிறது.

இளவேனில்:
செவிலியராக ஒன்று சொல்ல வேண்டும். தனக்கு வயிற்றுப்போக்கு என்றதும் பயந்து பாலை நிறுத்திவிடும் தாய்மாரைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். தாயின் குடல் சந்தித்த கிருமியை அடையாளம் கண்ட செல்கள் அவள் மார்புக்குப் போய், அதே கிருமிக்கான ஐஜிஏவைச் சுரக்கின்றன. எச்ஐவி போன்ற சில தொற்றுகள் வேறு. அவற்றுக்கு மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

மாறன்:
என் கவலையே வேறு. இதைப் படித்துவிட்டு, “பால் போதும், தடுப்பூசி வேண்டாம்” என்று சிலர் கிளம்புவார்கள்.

தேன்மொழி:
அதில் நான் உங்கள் பக்கம். இரத்தத்தில் பரவும் டெட்டனஸ் நச்சைக் குடலில் நிற்கும் ஐஜிஏ தடுக்காது. பாலில் வருவது இரவல். குழந்தையின் உடலுக்கு அது நோய் நினைவைக் கற்றுத் தராது.

மாறன்:
பால் சுரக்காத தாய்மார்?

இளவேனில்:
அவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பிறந்த சில வாரங்களில் குழந்தையின் குடலே மெல்ல மெல்லச் சொந்த ஐஜிஏவைச் சுரக்கத் தொடங்கிவிடும். அதுவரை புட்டியும் நீரும் கைகளும் சுத்தமாக இருக்கட்டும்.