தம்பி விட்டுட்டுப் போன பால் பைத்தான் ஏழு வாரமா சாப்பிடல, வயல் எலி புடிச்சுப் போடலாமா?

வெண்ணாத்தங்கரை (மன்னார்குடி பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். பாம்பு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. என் தம்பி கோயமுத்தூர்ல வேலை பாத்தப்ப பால் பைத்தான்னு ஒரு பாம்பு வாங்கி மூணு வருஷமா வளத்தான், ஐப்பசி மாசம் சிங்கப்பூர் போற வேலை வந்ததும் கண்ணாடிப் பொட்டியோட கொண்டாந்து நம்ம வீட்ல எறக்கிட்டு பங்குனில வந்து எடுத்துக்கறேன்ணேன்னு சொல்லிட்டுப் போய்ட்டான். கெளம்புறதுக்கு மொத நாள் ஒரு எலி சாப்டுச்சு. அதோட சரி. இப்ப மார்கழி பொறந்தாச்சு, ஏழு வாரம் ஆச்சு, ஒண்ணும் தொடமாட்டேங்குது.

பத்து எலி ஐஸ்ல வச்சுக் குடுத்துட்டுப் போனான். அம்மா சமையக்கட்டு பிரிட்ஜ்ல வைக்கவே கூடாதுன்னுட்டாங்க, அதனால மாடில பழைய சின்ன பிரிட்ஜை ஓட விட்டு வச்சிருக்கேன். வாரம் ஒண்ணு எடுத்து அரைமணி நேரம் வெளில வச்சுட்டு உள்ள போடுவேன், காலைல பாத்தா போட்ட எடத்துலயே கெடக்கும், மறுபடி பிரிட்ஜ்ல வச்சுருவேன். அம்மா இது பேர்லயே பால் இருக்கேன்னு தெனம் ஒரு கிண்ணம் பால் வைக்கிறாங்க. நான் சொல்லியும் கேக்கல, பசியில செத்துப்போச்சுன்னா அந்தப் பாவம் நம்மள சும்மா விடாதுங்கிறாங்க. மாமா என்னடான்னா அதுக்கு உசுரோட ஓடுற எலிதான் வேணும், நான் வயல்ல கிட்டி வச்சு புடிச்சாந்து போடுறேங்கிறார். பொட்டி கூடத்துல டிவிக்குப் பக்கத்துல இருக்கு. அடியில சூடு பண்ற மேட் ஒண்ணு இருந்துச்சு, கரண்ட் ஷாக் அடிச்சுருமோன்னு வந்த வாரமே ஆஃப் பண்ணிட்டோம். தம்பி எழுதி வச்ச நோட்டுல கடைசி எடை 1,180 கிராம்னு இருக்கு. செத்துரும்னு பயமா இருக்குங்க, தம்பிகிட்ட என்ன சொல்லுவேன்.

கூண்டுப்பாம்பு (தஞ்சாவூர்):

மொதல்ல பயத்தை விடுங்க. வளந்த பால் பைத்தான் குளிர் மாசத்துல ரெண்டு மூணு மாசம் சாப்பிடாம கெடக்கறது புதுசு இல்ல, நான் வளக்குற ஆண் ஒண்ணு வருஷா வருஷம் அப்படித்தான். ஆனா உங்க வீட்ல நடந்தது வேற, காரணம் நீங்க எழுதினதுலயே இருக்கு.

அது மேற்கு ஆப்பிரிக்கா புல்வெளிப் பாம்பு, கரையான் புத்துலயும் எலி வளையிலயும் சுருண்டு கெடக்கற சாதி. பயந்தா தலையை நடுவுல வச்சு பந்து மாதிரி சுருண்டுக்கும், பாலுங்கறது அந்தப் பந்துக்கான இங்கிலீஷ் பேரு, அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. எந்தப் பாம்பும் பால் குடிச்சு வாழாது. புத்துல ஊத்துற பாலும் அப்படித்தான், தாகத்துல தவிச்சுக் கெடந்தா எந்தத் தண்ணின்னு பாக்காம வாய வைக்கும், அவ்வளவுதான், பால் அதுக்குச் செரிக்காது. கிண்ணத்தை எடுத்துட்டு உடம்பு முழுக்க எறங்குற அளவுக்கு அகலமான சட்டில நல்ல தண்ணி வைங்க.

இப்ப மேட்டர். பாம்புக்கு சொந்தமா உடம்புச் சூடு கெடையாது. மேட்டை நிறுத்திட்டீங்க, மார்கழி விடிகாலைல நம்ம பக்கம் 22 டிகிரி வரைக்கும் எறங்கும், அந்தக் குளிர்ல அது எலியை முழுங்கினா வயித்துல செரிக்காம அழுகி வெளிய கக்கிரும். அதுக்கு அது தெரியும், அதான் வாயைத் தொறக்கல. பொட்டியோட ஒரு பக்கம் 31லேந்து 33 வரைக்கும், இன்னொரு பக்கம் 26 கிட்ட இருக்கணும், அதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் தனக்கு வேண்டிய சூட்டை எடுத்துக்கும். மேட்டை தெர்மோஸ்டாட் (சூடு அளவு தாண்டாம பாத்துக்கற கருவி) இல்லாம மட்டும் போடாதீங்க, கட்டுப்பாடு இல்லாத மேட் 45க்கு மேல ஏறி வயித்துத் தோலை வேக வச்சுரும், பாம்பு நகராம அப்படியே படுத்திருக்கும். தம்பி தெர்மோஸ்டாட் குடுத்தாரா, மூட்டையில தேடிப் பாருங்க.

ரெண்டாவது, ஒளியுற எடம். கூடத்துல டிவி சத்தம், போறவன் வர்றவன்லாம் கண்ணாடியைத் தட்டுவான், ஒளிய ஒரு பொந்து இல்லேன்னா இந்தப் பாம்பு லேசுல சாப்பிடாது. ஆள் நடமாட்டம் இல்லாத உள்ரூமுக்கு மாத்துங்க. ரெண்டு மண்சட்டி வாங்கி வாயோரம் ஒரு துண்டு ஒடச்சு, கூர் இல்லாம தேச்சு, சூட்டுப் பக்கம் ஒண்ணு குளிர்ப் பக்கம் ஒண்ணு கவுத்து வைங்க, உடம்பு சட்டியை உரசுற அளவுக்கு இறுக்கமா இருக்கணும், பெருசா இருந்தா அதுக்குப் பாதுகாப்பா தோணாது. மூணு பக்கக் கண்ணாடிக்கு அட்டை ஒட்டுங்க.

மூணாவது எலி. அதோட மேல் உதட்டு ஓரத்துல வரிசையா சின்னச் சின்னக் குழி இருக்கும், உத்துப் பாத்தா தெரியும். அது சூட்டைப் பாக்குற கண்ணு மாதிரி. ஐஸ்லேந்து எடுத்து அரைமணில போட்ட எலி அதுக்கு ஒரு கல்லு, அவ்வளவுதான். கரைஞ்சதை மறுபடி ஐஸ்ல வைக்கவே கூடாது, அதெல்லாம் எடுத்து தென்னங்கன்னு அடியில பொதைச்சுருங்க. புதுசா ஒண்ணை ராத்திரி பிரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சு மெதுவா கரைய விட்டு, மறுநாள் சாயங்காலம் ஜிப் பையில போட்டு வெந்நில வைங்க, கை விட்டுத் தாங்குற சூடு, 38, 40 டிகிரி போதும். மைக்ரோவேவ் வேணாம், உள்ள வெந்துரும். நீளமான கிடுக்கியால வால் பக்கம் புடிச்சு லேசா ஆட்டிக் காட்டுங்க.

உசுரோட எலி விஷயத்துல நான் பட்டது சொல்றேன். 2019ல அவசரப்பட்டு உசுரோட ஒண்ணை உள்ள விட்டுட்டு தூங்கப் போய்ட்டேன், பாம்புக்கு அன்னிக்குப் பசி இல்ல போல. காலைல பாத்தா முதுகுல என் சுண்டுவிரல் நீளத்துக்குத் தோலும் சதையும் இல்ல, முள்ளு தெரியுது. எலி தன்னைக் காப்பாத்திக்கக் கடிச்சிருக்கு, அதையும் குத்தம் சொல்ல முடியாது. ஆறு மாசம் மருந்து போட்டேன், தழும்பு இன்னும் இருக்கு. அந்தத் தப்பை நீங்க செய்யாதீங்க.

அப்புறம் பேப்பர். 2024ல வந்த விதிப்படி இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினத்தை வச்சிருக்கவங்க மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிஞ்சிருக்கணும், கைமாறினாலும் தெரியப்படுத்தணும். தம்பிகிட்ட கேட்டு வாங்கி வச்சுக்குங்க.

வெண்ணாத்தங்கரை:

அண்ணே ரொம்ப நன்றி. தெர்மோஸ்டாட் இருக்கு, பிரிக்காத கவர்ல கெடந்துச்சு. விடிகாலை அஞ்சு மணிக்கு அதைப் பொட்டிக்குள்ள வச்சுப் பாத்தேன், 22.4 காட்டுது. எடை போட்டேன், மளிகைக் கடைத் தராசுல தலையணை உறையோட வச்சு உறையைக் கழிச்சா 1,120 கிராம். 60 கிராம் கொறைஞ்சிருக்கு, இது அபாயமா? அக்கா பையன் நாலு வயசு, கண்ணாடியைத் தட்டிக்கிட்டே இருக்கான், நாங்க யாரும் அதைப் பெருசா நெனைக்கல. மாமா இன்னும் எலிலயே நிக்கிறார், வரப்புல கிடைக்கிறதைப் புடிச்சு கழுவிக் குடுத்தா என்னங்கிறார்.

மாட்டு டாக்டர் (ஒரத்தநாடு வட்டம்):

நான் கால்நடை மருத்துவர். பெரும்பாலும் ஆடு மாடுதான், பாம்பு கொஞ்சம் பாத்திருக்கேன். 60 கிராம்னா அஞ்சு சதவீதம், பரவால்ல. பத்து சதவீதத்தைத் தாண்டி 1,060க்குக் கீழ போச்சுன்னா தூக்கிட்டு வாங்க. வாரத்துல ஒரே நாள் ஒரே தராசுல போட்டு எழுதி வைங்க.

நான் எடையை விட பயப்படுறது குளிரையும் ஈரத்தையும். ஏழு வாரம் குளிர்ல கெடந்த பாம்புக்கு நுரையீரல்ல சளி புடிக்கும். வாயைத் தொறந்தபடி தலையை மேல தூக்கி வச்சிருக்கா, மூச்சு விடுறப்ப விசில் மாதிரி சத்தம் வருதா, மூக்கு ஓரத்துல நுரை இருக்கா, இது மூணுல ஒண்ணு இருந்தாலும் சாப்பாட்டை மறந்துட்டு டாக்டர்கிட்ட போங்க. ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, முன்னாடியே போன் போட்டுக் கேட்டுட்டுப் போனா அலைச்சல் இல்ல. அப்புறம் இந்த மழை மாசத்துல டெல்டா காத்துலயே அவ்வளவு ஈரம், பொட்டிக்குள்ள போட்டிருக்க தேங்கா நார்த்தூள் நசநசன்னு இருந்தா அள்ளிக் கொட்டிட்டு காஞ்சது போடுங்க, இல்லாட்டி வயித்துச் செதில்ல பழுப்பா கொப்புளம் வரும். தண்ணிச் சட்டில கடுகை விடச் சின்னதா கருப்பு கருப்பா மெதந்தா அது பாம்புப் பேன், அதையும் பாருங்க. கண்ணு நீலம் பூத்த மாதிரி இருந்தா தோல் உரிக்கப் போகுது, அந்த வாரம் எதுவும் போடவேணாம்.

யாராவது வாயைத் தொறந்து திணிக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. பையன் பொட்டியையோ பாம்பையோ தொட்டா சோப்புப் போட்டு கை கழுவ வைங்க, பாம்பு மேல சால்மோனெல்லாங்கற கிருமி இருக்கும், சின்னப் புள்ளைங்களுக்கு வயித்தால போயிரும்.

வயல் எலி வேணவே வேணாம். இப்ப சம்பா கதிர் வர்ற நேரம், பாதி வயல்ல புரோமடியோலோன் கேக், ஜிங்க் பாஸ்பைடுன்னு எலி மருந்து வச்சிருப்பாங்க. புரோமடியோலோன் தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் ரத்தம் உள்ளுக்குள்ள கசிஞ்சுக்கிட்டே நடமாடும். மாமா கிட்டில விழுற எலி அந்த எலி இல்லேன்னு யாரு சொல்றது? கழுவினா மேல இருக்கறதுதான் போகும். கையில காயத்தோட வயல் எலியைத் தொட்டா எலிக்காய்ச்சல் மனுசனுக்கும் வரும்.

டெல்டா விவசாயி (திருத்துறைப்பூண்டி பக்கம்):

தம்பி, எனக்கு அறுவத்திரெண்டு வயசு, பாம்பைப் பொட்டில வச்சுப் பாக்குறது எனக்குப் பழக்கமில்ல, ஆனா ரெண்டு விஷயம் சொல்லியே ஆவணும்.

மாமா பேச்சு கேட்டு உசுரு எலியை வாங்கியாந்து வீட்ல கூண்டு கட்டி வளக்க ஆரமிச்சுராதீங்க. எலி வாடைக்கு வெளிப்பாம்பு வீட்டுக்குள்ள வரும். நம்ம வீடெல்லாம் வயலை ஒட்டி, பின்னாடியே வாய்க்கா, பக்கத்துல வைக்கப்போரு. மொதல்ல சாரை வரும், அது வந்தாப் பரவால்ல, பின்னாடியே நல்லபாம்பும் வரும். சின்னப் புள்ளை தரையில படுக்குற வீடு.

இன்னொண்ணு, உங்க தம்பி பாம்பைப் பாத்துட்டு ஊர்ப்பசங்க நாமளும் ஒண்ணு வளப்போம்னு வயல்ல சாரைக்குட்டி, மண்ணுளின்னு புடிச்சுட்டு வருவாங்க, வந்தா தடுங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்ல வைக்கக்கூடாது, கேஸ் ஆயிரும். சட்டத்தை விடுங்க, நானே பன்னெண்டு வயசுல ஒரு சாரைக்குட்டியை பானைல போட்டு வலை கட்டி வச்சேன், தவளை புடிச்சுப் போட்டேன், தொடல. ராவும் பகலும் வலையில மூக்கை முட்டிக்கிட்டே இருந்துச்சு, நாலாம் நாள் மூக்குத் தோலு உரிஞ்சு செவப்பா இருந்துச்சு, ஒம்பதாம் நாள் செத்துப்போச்சு. அம்பது வருஷம் ஆச்சு, அந்த மூக்கு இன்னும் கண்ணுல நிக்குது. உங்க தம்பி பாம்பு பொட்டிலயே பொறந்து வளந்தது, அது வேற. வயல்ல ஓடுனது பொட்டில வாழாது.

இன்னிக்கு சாரையை வரப்புல பாத்தா நான் ஒதுங்கி வழி விடுறேன். ஆந்தைக்குத் தாங்கி நட்டு வைக்கிறோம், அது வெளில வந்த எலியைத்தான் தூக்கும். சாரை வளைக்குள்ளயே பூந்து குட்டியோட எடுத்துரும். அதை அடிச்சுப் போட்டுட்டு அப்புறம் மருந்து வாங்கி வைக்கிறவனைப் பாத்தா வயிறு எரியுது.

கூண்டுப்பாம்பு:

அய்யா சொன்னது அத்தனையும் சரி. வெண்ணாத்தங்கரை, ஒண்ணு விட்டுப்போச்சு, கரண்ட் கட். கஜா புயல் அன்னிக்கு, 2018 நவம்பர் 16, போன கரண்ட் நம்ம பக்கம் எத்தனை நாள் வரலேன்னு உங்களுக்கே தெரியும். நான் மீன் வர்ற தெர்மோகோல் பொட்டியைக் கழுவிக் காயவச்சு, மூடியில ஓட்டை போட்டு, வெந்நி பாட்டிலைத் துண்டுல சுத்தி ஒரு ஓரம் வச்சு, பாம்பைத் துணிப்பையில கட்டி உள்ள வச்சேன், நாலு மணிக்கொருதரம் வெந்நி மாத்தினேன். ஒண்ணும் ஆவல. ஒரு பொட்டி வாங்கிப் பரண்ல போட்டு வைங்க.

சூடும் சட்டியும் வச்ச அப்புறம் பத்து நாளைக்கு எலியே காட்டாதீங்க. தொடாதீங்க, எட்டிக்கூட பாக்காதீங்க, தண்ணி மட்டும் மாத்துங்க. உங்க எல்லாருக்கும் அது சாப்பிடணும்னு ஆசை, அந்த ஆசையில தெனம் தொந்தரவு பண்றோம். அறுவது கிராம் எலி போதும், பெருசு வேணாம்.

வெண்ணாத்தங்கரை:

பதினாறு நாள் கழிச்சு எழுதறேன். உள்ரூமுக்கு மாத்தி, சட்டி கவுத்து, சூட்டுப் பக்கம் 32 வச்சேன். மொத ரெண்டு நாள் குளிர்ப் பக்கச் சட்டியை விட்டு வரல, மூணாம் நாள்லேந்து சூட்டுச் சட்டிக்குள்ளயே கெடந்துச்சு. நேத்து ராத்திரி ஒம்போதரைக்கு லைட்டை அணைச்சுட்டு செல்போன் வெளிச்சத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு எலியைக் காட்டினேன். சட்டி வாயில மூக்கு மட்டும் வந்துச்சு, நாக்கு மெதுவா மெதுவா, அப்புறம் வேகமா. கழுத்து பின்னாடி மடிஞ்சுது, நான் மூச்சே விடல, டக்குனு ஒரு அடி, கிடுக்கி கையை விட்டுப் போச்சு. மூணு சுத்து சுத்தி இறுக்கிக்கிட்டு அப்படியே கெடந்துச்சு, செத்த எலின்னு அதுக்குத் தெரியல. தலையிலேந்து முழுங்க இருவது நிமிஷம் ஆச்சு. அம்மா கதவுகிட்ட நின்னு கடைசி வரைக்கும் பாத்தாங்க, வாலு உள்ள போனதும் அழுதுட்டாங்க.

சாப்புடறதுக்கு முன்னாடி எடை 1,108. காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். ரெண்டு நாள் தொடக்கூடாதுன்னு தம்பி சொன்னான், பரிவேஷ் பேப்பரும் அனுப்பிட்டான். மாமா கிட்டியை வயலுக்கே கொண்டு போய்ட்டார், மருந்து வைக்காம கிட்டிலயே புடிக்கிறேன்னு சொல்லிருக்கார். அடுத்த எலி ரெண்டு வாரம் கழிச்சு, அதுக்குள்ள தோல் உரிச்சா வந்து சொல்றேன்.