காப்புரிமையை அரசு எடுத்தாளும் அதிகாரம்: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழு அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாசில் சிறு பட்டறை நடத்தும் என் தம்பி, ட்ரோன் சிக்னலைக் கண்டறியும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறான். மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவின்படி, தேசிய அவசரநிலையிலோ, தேசியப் பாதுகாப்பு போன்ற பொதுநலக் காரணங்களுக்காகவோ, உரிமையாளரின் இசைவு இல்லாமலேயே ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அமைச்சர் அனுமதிக்கலாம் என்று படித்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. (அரசே தேடி வந்தால் அது பெருமைதானே என்பது என் எண்ணம்.) 2017இல் ஹெப்பாடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிருக்கு இப்பிரிவு பயன்பட்டது. உரிமையாளருக்குப் போதிய தொகை தர வேண்டும் என்றும் அதில் உள்ளது. ஆனால் அத்தொகையை எந்த அடிப்படையில் கணக்கிடுகிறார்கள், அதற்காகப் பட்டறையின் செலவுக் கணக்குகளில் எவற்றை இப்போதே பத்திரப்படுத்த வேண்டும்? காப்புரிமை வழக்குகளில் பழக்கமுள்ள, தமிழில் விளக்கக்கூடிய வழக்கறிஞர் பினாங்கில் இருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள்.